புதுப்பிப்பு: ஹர்லர், மார்கியோ குழந்தைகளின் முதுகுக் கூன் அறுவை சிகிச்சை

எம்பிஎஸ் என்பது உடலில் ஒரு நொதி குறைவதால் சில சர்க்கரைச் சேர்மங்கள் தேங்கிவிடும் பரம்பரை நோய்; ஹர்லரும் மார்கியோவும் அதன் வகைகள். இந்தக் குழந்தைகளுக்கு மார்பும் இடுப்பும் சேருமிடத்தில் விழும் கூனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். எலும்பு மஜ்ஜை மாற்றோ நொதி ஊசியோ அதை நேராக்காது என்பதுவரை அதில் வந்துவிட்டது. "முதுகுக்கு முன் கழுத்தைப் பார்க்க வேண்டுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம். குறிப்பாக மார்கியோவில். இரண்டாம் கழுத்தெலும்பின் முளை சரியாக வளராததால், முதல் இரண்டு கழுத்தெலும்புகள் சேரும் சி1–சி2 மூட்டு ஆடும். தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கியிருக்கலாம். அந்தக் குழந்தையை மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்தால், முதுகைத் தொடும் முன்பே கால் செயலிழக்கக்கூடும். அதனால் முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ, கழுத்துக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே. கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தால் கழுத்து அறுவைதான் முதலில்.

அறுவை அறையில் தண்டுவடம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் நரம்புச் சமிக்ஞையை மல்லாந்த நிலையில் ஒருமுறை, குப்புறப் போட்டதும் மறுமுறை பதிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது. வாயு மயக்க மருந்து இந்தச் சமிக்ஞையை மங்கடிக்கும். ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மயக்க மருந்தே நல்லது. ரத்த அழுத்தத்தையும் இறங்க விடக் கூடாது: அறுவை நடக்கும் இடத்துக்கு வெகு மேலே, மார்புத் தண்டுவடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து பாதிப்பு வந்ததுண்டு.

மூச்சுக்குழாய் தனித் தலைவலி. சளிச்சவ்வு தடித்துக் குறுகியிருப்பதால் வயதுக்கான அளவைவிடச் சிறிய குழாய், தொண்டைக்குள் பார்க்க உதவும் வளையும் ஸ்கோப், பக்கத்திலேயே காது-மூக்கு-தொண்டை மருத்துவர்.

முதுகெலும்புகளை ஒன்றாகப் பிணைக்கும் இணைப்பைக் கூனின் உச்சியிலேயே நிறுத்தினால் அதற்கு மேலே புதுக் கூன் விழக்கூடும். எனக்குக் குட்டையான இணைப்பில் நம்பிக்கை குறைவு.