அக்காவின் பழைய 991 எம்எஸ் கால்குலேட்டர் போதுமா, புது மாடல் வாங்கணுமா?

புது_ட்ரிபிள்ஈ:
இந்த வருடம் பி.இ. ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) சேர்கிறேன். அக்கா பயன்படுத்திய கேசியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது. கடைக்காரர் புது மாடலான 991 சிடபிள்யூ எடுக்கச் சொல்கிறார். இருப்பதே போதும் என்கிறார் அப்பா. நான்கு வருடம் ஓட்டணும், முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வும் எழுதணும். என்ன செய்யலாம்?

பழைய_சிவில்:
அப்பா சொல்வதைக் கேளுங்க தம்பி. எம்எஸ்ஸில் செய்ய முடியாத பாடம் பி.இ.யில் அநேகமாக இல்லை. குழாய் உராய்வுக்கான கோல்புரூக் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சம், சொரசொரப்பு விகிதம் 0.001. முதலில் 7 அடித்து சமக்குறி. அப்புறம் −2 log(0.001÷3.7 + 2.51×Ans÷100000) என்று (Ans என்றால் முந்தைய விடை) ஒரே ஒரு முறை அடித்துவிட்டு, சமக்குறியை மட்டும் தட்டிக்கொண்டே இருங்கள். 6.701, 6.716, 6.715 என்று நான்கைந்து தட்டலில் நின்றுவிடும். அதை வர்க்கமாக்கித் தலைகீழாக்கினால் உராய்வுக் குணகம் f = 0.0222. இதற்கு எதற்குப் புது மாடல்?

மின்சுற்று_மோகி:
ஐயா, சிவிலுக்கு அது சரி. தம்பி சேர்வது ட்ரிபிள் ஈ. ஏசி சர்க்யூட் வந்தால் நாள் முழுக்கக் கலப்பெண்தான், அதாவது மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண். 5∠30 ஐ 3+4i ஆல் வகுத்தால் எம்எஸ் திரையில் 0.9196 மட்டும் தெரியும். கற்பனைப் பகுதியான −0.3928 ஐப் பார்க்க ஷிஃப்ட் போட்டு இன்னொரு தட்டு தட்டணும். அவசரத்தில் முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறவர்கள் ஹாலுக்கு நாலு பேர் இருப்பார்கள். 991 இஎஸ் பிளஸ்ஸில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மேட்ரிக்ஸும் கட்டம் கட்டமாகக் கண்முன் நிற்கும். என் ஓட்டு இஎஸ் பிளஸ்ஸுக்கு.

பழைய_சிவில்:
இஎஸ் பிளஸ்ஸில் எதை அடித்தாலும் பின்னமும் ரூட்டுமாக வருமே! ஒவ்வொரு விடைக்கும் தசமமாக்கும் எஸ்-டி பட்டனை அமுக்குவதிலேயே பாதி நேரம் போகும்.

மின்சுற்று_மோகி:
ஷிஃப்ட் அமுக்கிவிட்டுச் சமக்குறி தட்டினால் நேராகத் தசமம்தான். அதுவும் வேண்டாமென்றால் செட்டப்பில் லைன் முறைக்கு மாற்றிவிடலாம். மேனுவலை யாருமே பிரிப்பதில்லை, குறை மட்டும் மெஷின் மேல்.

சிடபிள்யூ_கட்சி:
991 சிடபிள்யூவை ஒருவரும் பேசவில்லையே? நான்கு மாறிகள் வரை சமன்பாடு, 4×4 மேட்ரிக்ஸ், ஸ்ப்ரெட்ஷீட், திரையும் தெளிவு. இப்போது சேர்கிறவர் எதற்குப் பழையதைக் கட்டிக்கொண்டு அழணும்?

மின்சுற்று_மோகி:
நான்கு மாறியும் 4×4 உம் இதற்கு முந்தைய 991 இஎக்ஸிலேயே உண்டு. சிடபிள்யூவில் எனக்குப் பிரச்சினை பட்டன்கள். சேர்மானங்களை எண்ணும் nCr முன்பு ஷிஃப்டும் வகுத்தல் குறியும்தான். இப்போது கேட்டலாக் என்ற பட்டியலைத் திறந்து, நிகழ்தகவுக்குள் போய்த் தேடணும். வகுப்பில் மற்றவர்கள் கையில் பழைய வரிசை இருக்கும்போது, சந்தேகம் வந்தால் பக்கத்து பெஞ்சில் கேட்கவும் முடியாது. இன்னொன்று, இந்த மாடல்கள் எதிலும் சமன்பாட்டு முறை கலப்பெண் கெழுக்களை வாங்காது. ஏசி சர்க்யூட்டின் மெஷ் (மூடிய வளைய) சமன்பாட்டை மெய், கற்பனை என்று கையால்தான் பிரிக்கணும். அப்படியிருக்க அந்த நான்காவது மாறியை வைத்து ட்ரிபிள் ஈ மாணவர் என்ன செய்வார்?

கேட்_அக்கா:
தம்பி கேட் என்று எழுதியதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2016 முதல் அங்கே சொந்தக் கால்குலேட்டருக்கு இடமில்லை. திரையில் வரும் ஒன்றுதான், அதுவும் மவுஸால் மட்டும். sin 30 வேண்டுமானால் முதலில் 30, அப்புறம் sin. மேட்ரிக்ஸ், சமன்பாடு எதுவும் கிடையாது. கேசியோவில் 1÷2π அடித்தால் 2π ஐச் சேர்த்தே எடுத்து 0.159 தரும். அந்தப் பழக்கத்தில் இங்கே 1÷2×π என்று தட்டினால் 1.57. அடைப்புக்குறியை நாம்தான் போடணும். ஆக, கேட்டுக்காக எந்த மாடலும் வாங்க வேண்டாம். கடைசி ஆறு மாதம் அந்தத் திரைக் கால்குலேட்டரில் மட்டும் கணக்குப் போடு. பின்னால் யூபிஎஸ்சியின் பொறியியல் பணித் தேர்வு எழுதினால், விரிவாக எழுதும் தாள்களுக்கு மட்டும் சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோகலாம். அங்கேயும் புரோகிராம் எழுதக்கூடியது கூடாது.

புது_ட்ரிபிள்ஈ:
நன்றி அக்கா. சீனியர் ஒருவர் இஎஸ் பிளஸ்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார். எப்படிச் சோதிப்பது?

மின்சுற்று_மோகி:
சோலார் பட்டையை விரலால் மூடிப் பாருங்கள். எழுத்து மங்கினால் எல்ஆர்44 பேட்டரி மாற்றணும், பெரிய செலவில்லை. எல்லாப் பட்டனையும் ஒருமுறை அமுக்குங்கள், முக்கியமாகச் சமக்குறி. பிறகு ஷிஃப்ட், 9, 3, சமக்குறி என்று அடித்து முழுதாக ரீசெட் செய்துவிட்டு sin 30 போடுங்கள். மேலே சின்னதாக D (டிகிரி) தெரியணும், விடை ½ வரணும். −0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது.

பழைய_சிவில்:
பார்த்தீர்களா தம்பி, முதல் விடையே பின்னத்தில்தான் வருகிறது.