கஜாவுக்குப் பிறகு பூத்த அடம்பு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் சென்னையில் இருந்தேன், மாமா வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டில். மூன்று நாள் கழித்துத்தான் போய்ச்சேர முடிந்தது. தோப்பில் இருந்தது நாற்பது தென்னை, நின்றது நான்கு. சிலது வேரோடு சாய்ந்திருந்தது, சிலது கழுத்து முறிந்து தொங்கியது. மாமா அழவில்லை, "சாப்பிட்டியா"ன்னு மட்டும் கேட்டார்.

மறுநாள் கடற்கரைப் பக்கம் போனால், சின்ன வயதில் நாங்கள் உருண்டு விளையாடிய அடம்பங்கொடி (கடற்கரை மணலில் படரும் கொடி, அடம்பு என்போம்) மேட்டையே காணோம். எல்லாம் புது மணலும் சேறும்.

பொங்கலுக்குப் போனபோது மாமாவை வலுக்கட்டாயமாக அங்கே இழுத்துப்போனேன். மணலைக் கிளப்பிக்கொண்டு ஆட்டுக்குளம்பு மாதிரி இலைகள், நடுவில் ஏழெட்டு ஊதாப் பூ. உடனே படம் எடுத்து, விழுந்தாலும் எழுவோம் என்று ஸ்டேட்டஸ் போட்டேன் (நிவாரண மனுவோடு அலைந்துகொண்டிருந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது அதைச் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கூச்சம்).

மாமா குனிந்து ஒரு கொடியை இழுத்தார். வரவில்லை. மணலை விலக்கினால் கணுவுக்குக் கணு வேர். "தென்னைக்கு ஒரே இடத்துலதான் பிடிடா, இது போற வழியெல்லாம் தானே பதியம் போட்டுக்குது பார்" என்றார். முல்லை வைக்கிற ஊர்க்காரர்களுக்குப் பதியம் அத்துப்படி. கொடியை வளைத்து ஒரு கணுவை மண்ணில் புதைத்தால் வேர்விடும், அப்புறம் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். அடம்புக்கு ஆளே வேண்டாம், அலை நடுவில் அறுத்துப்போட்டாலும் வேர்விட்ட துண்டெல்லாம் தனிச்செடியாகிவிடும், மேலே மணல் கொட்டினால் அதற்குள்ளும் வேர் இறக்கி அந்த மணலையே பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றோடு மல்லுக்கு நிற்பதே கிடையாது.

அந்த வருஷம் மாமா தென்னங்கன்று பத்துதான் வைத்தார். மீதி இடத்தில் முல்லை, கொஞ்சம் மாங்கன்று, நாலு ஆடு. பூவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கன்று வாங்கக் கையில் பணமில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு செடி இருந்தால் எழுதுங்களேன்.

*

அண்ணே, எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். வலை இழுக்கும்போது சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் ஆத்தா அடம்பு இலையைக் கசக்கித்தான் தேய்க்கும். பூவைப் பார்க்கணும்னா காலையிலேயே போகணும், மதியத்துக்குள் சுருங்கிடும். விதையும் லேசுப்பட்டதில்லை, உப்புத்தண்ணியில மிதந்தே வேற கரைக்குப் போய் முளைக்கும். ஆனா கரையைச் சுத்தம் பண்றோம்னு டிராக்டர் விட்டுக் கொடியையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போறாங்க பாருங்க, புயலுக்குத் தப்பினது அதுக்குத் தப்பல.

*

அண்ணே, நானும் அடம்பில் ஒரு துண்டு கொண்டுவந்து பால்கனித் தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலைதான் வந்தது, எட்டு மாசமாகப் பூவே இல்லை. வெயில் பத்தவில்லை போல என்று மொட்டைமாடிக்கு மாற்றினேன். இன்னும் மொட்டு வைக்கவில்லை, ஆனால் பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலைக்குள் இறங்கி அங்கேயும் வேர்விட்டாச்சு. வீட்டில் திட்டு எனக்கு.