மறு: எண்ணுறு கணமா, எண்ணிடத்தகு கணமா?

குழுவினருக்கு வணக்கம்.

கணிதத்தில் countable set என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக (கணம் = set) வந்த 'எண்ணுறு கணம்' என்ற பரிந்துரை விகிதமுறு (rational), முடிவுறு (finite) ஆகிய சொற்களோடு நன்றாகச் சேர்கிறது. ஆனாலும் எனக்குத் தயக்கம். அதைக் கேட்கும் மாணவர் 'எண்ணி முடிக்கக்கூடியது' என்றுதான் எடுத்துக்கொள்வார். 1, 2, 3 என்று போகும் இயல் எண்களை யாராலும் எண்ணி முடிக்க முடியாது. ஆனால் இந்த வகைக்கு முதல் எடுத்துக்காட்டே அவைதாம்.

இங்கே மொத்தம் எத்தனை என்பது கேள்வி இல்லை. உறுப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் இட்டுக்கொண்டே போனால் ஒன்றுகூட விடுபடாமல் எல்லாவற்றுக்கும் எண் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. முழு எண்களுக்குக் கிடைக்கும்: 0, 1, -1, 2, -2 என்று மாற்றி மாற்றி எடுத்தால் போதும். மிகை விகிதமுறு எண்களை, அதாவது பின்னமாக எழுதக்கூடிய மிகை எண்களை, சிறியதிலிருந்து அடுக்கப் போனால் தொடங்கவே முடியாது, ஏனென்றால் எந்த எண்ணை எடுத்தாலும் அதைவிடச் சிறியது இருக்கும். அதற்குப் பதிலாக, பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 2 வருவது 1/1 மட்டும். 3 வருபவை 1/2, 2/1. அப்புறம் 4, 5 என்று போகலாம். ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் சில பின்னங்களே உண்டு. 3/5-இன் முறை 8-இல் கட்டாயம் வந்துவிடும்.

முடிவின்றி நீளும் தசமங்களையும் சேர்த்த மெய்யெண்களிடம் (real numbers) இது நடக்காது. 1891-இல் கணிதவியலாளர் காண்டர் காட்டிய மூலைவிட்ட வழி அதைத் தெளிவாக்குகிறது. தசம எண்களின் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் என்று பார்த்து, 5 இருந்தால் 6, இல்லாவிட்டால் 5 என்று எழுதிக்கொண்டே போகலாம். கிடைக்கும் எண் பட்டியலில் எங்கும் இருக்காது. எவ்வளவு அழகான நிறுவல்!

மெய்யெண்களுக்குச் சிறிது, பெரிது என்ற வரிசை இருக்கத்தான் செய்கிறது. ஆகவே 'வரிசைப்படுத்தத்தக்க' என்ற இன்னொரு பரிந்துரையும் பொருந்தாது.

என் பரிந்துரை 'எண்ணிடத்தகு கணம்'. முடிவுறு கணங்களும் இதில் அடங்கட்டும். எதிர்ச்சொல்லாக 'எண்ணற்ற' வேண்டவே வேண்டாம். பேச்சுவழக்கில் இயல் எண்களும் எண்ணற்றவைதாமே. 'எண்ணிடத்தகா' என்றால் 'எண்ணிடக் கூடாது' என்று தொனிக்கும். 'எண்ணிடவியலா' சரியாக இருக்கும்.

பண்புப்பெயர் 'எண்ணிடத்தகைமை'. நீளமாகத் தெரிந்தால் குறுக்கித் தாருங்கள், ஆனால் 'இடு' மட்டும் போய்விடக் கூடாது.