மரப்பட்டையில வெறும் பூஞ்சைதான் வருது, ஸ்லைம் மோல்ட் எங்கே?

வேளச்சேரி_வாசி:
ஸ்லைம் மோல்ட்ங்கிற ஒரு செல் உயிரியைப் பார்க்கணும்னு, மழையில சாய்ஞ்ச தூங்குமூஞ்சி மரத்தோட பட்டையைப் பெட்ரி டிஷ்ல ஈரமான ஃபில்டர் பேப்பர் மேல வச்சிருக்கேன். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. குழாய்த்தண்ணிதான், தினமும் ஊத்துறேன். வெள்ளையா மண்டிக் கிடக்கு. சுரண்டி ஃபோல்ட்ஸ்கோப்ல (காகித மைக்ரோஸ்கோப்) பார்த்தா நூல் நூலா தெரியுது. ஸ்லைம் மோல்ட் இப்படித்தான் இருக்குமா?

பட்டைப்பித்தன்:
இல்லீங்க, நூலா இருக்குறது பூஞ்சை. தினமும் தண்ணி ஊத்தினா அதுக்குக் கொண்டாட்டம்தான். பட்டை மூழ்குற மாதிரி ஒரே தடவை ஊத்தி, ஒரு நாள் ஊற விட்டு, மிச்சத்தை வடிச்சிடுங்க. அப்புறம் பேப்பர் காயாம பார்த்துக்கிட்டா போதும். குழாய்த்தண்ணி வேணாம், டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க.

இன்னொண்ணு, விழுந்த மரத்தை விட நிக்கிற மரத்தோட காய்ஞ்ச வெளிப்பட்டை நல்லது. 1933-ல கில்பர்ட், மார்ட்டின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையை எழுதினதே உயிரோட இருக்குற மரத்துப் பட்டையை வச்சுத்தான். சொரசொரப்பா இருக்குறதா பாருங்க, வேம்பு சரியா வரும். வெந்நீர்ல மட்டும் கழுவிடாதீங்க, ஸ்லைம் மோல்டோட வித்து செத்துடும்.

லேப்_அக்கா:
தம்பி, ஃபோல்ட்ஸ்கோப்புக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகணும், பட்டைக்குள்ள எங்க போகும்? ஊறின தண்ணியில ஒரு சொட்டு எடுத்துப் பாரு, அமீபா, சிலியேட் மாதிரி ஒரு செல் உயிரிங்க கிடைக்கலாம். பட்டையைப் பார்க்க 10 மடங்கு லென்ஸும் பக்கவாட்டுல டார்ச்சும் போதும். சின்னக் காம்பு, மேல ஒரு உருண்டை, அதுதான் நீ தேடுறது, ஸ்லைம் மோல்டோட வித்துப்பை. பல இனம் 1 மி.மீ. கூட இருக்காது. அவசரப்படாதே, சிலது ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தலைகாட்டும்.

வேளச்சேரி_வாசி:
நன்றிக்கா. பூங்காவுல மக்கின கட்டை மேல மஞ்சளா கொழகொழன்னு உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்தேன். அது ஒரு செல் உயிரியா இருக்க வாய்ப்பே இல்லையே?

லேப்_அக்கா:
ஏன் இல்லை? ஃபுலிகோ செப்டிகாங்கிற ஸ்லைம் மோல்டா இருக்கலாம். அத்தனையும் ஒரே செல், உள்ளே நியூக்ளியஸ் மட்டும் எக்கச்சக்கம். சந்தேகமா இருந்தா விளிம்புல இருக்குற நரம்பை லென்ஸ் வச்சு ரெண்டு மூணு நிமிஷம் உத்துப் பாரு. உள்ளே ஓடுற திரவம் சட்டுனு நின்னு, வந்த வழியே திரும்பி ஓடும். பூஞ்சையில இந்த ஆட்டம் கிடையாது. காய்ஞ்சு பொடியா ஆனதை மட்டும் ஊதாதே, ஆஸ்துமா இருந்தா வம்பு.

பட்டைப்பித்தன்:
டிஷ்ல உருண்டை வந்ததும் அந்தத் துண்டை நல்லா உலர்த்தி, தீப்பெட்டிக்குள்ள கோந்து போட்டு ஒட்டி வைங்க. மரம், இடம், தேதி மேலேயே எழுதிடுங்க.