விண்டோஸை மீண்டும் நிறுவாமல் 1 டிபி ஹார்டு டிஸ்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி?

புதுவட்டு:
வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் இருப்பது 1 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. சி டிரைவ் ஒன்றுதான், அதில் 190 ஜிபி நிரம்பியிருக்கிறது. போர்டில் காலியாக இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டாயிற்று, பயாஸிலும் தெரிகிறது. போட்டிருக்கும் மென்பொருள்கள் எல்லாம் அப்படியே வேண்டும், புதிதாக நிறுவ முடியாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால் 610 ஜிபிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. 190 ஜிபிதானே இருக்கிறது, ஏன்? பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் என்கிரிப்ஷன்) ஆன் ஆகியிருந்தால் குளோன் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது) செய்யலாமா? விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடுமா? குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கை அப்படியே உள்ளே விட்டுவைக்கலாமா?

பூட்வழி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. குளோன் முடிந்து முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த வேலையில் பலர் சறுக்கும் இடமே இதுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சுருங்காததற்குக் காரணம், டிரைவின் நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரிஸ்டோர் பிரதிகள் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஊகிக்க வேண்டாம். ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடுங்கள். சுருக்க முயலும் ஒவ்வொரு தடவையும், எந்தக் கோப்பு வழிமறிக்கிறது என்று விண்டோஸ் அங்கே எழுதி வைக்கிறது. பிறகு:

அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" கொடுத்தால் ஹைபர்னேஷன் கோப்பு அழியும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அணையும், அதுவும் நமக்கு வேண்டியதே. சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைத்து ரிஸ்டோர் பிரதிகளை நீக்குங்கள். விர்ச்சுவல் மெமரியில் பேஜ்ஃபைல் வேண்டாம் என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி சுருக்குங்கள். 500 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 465 ஜிபி என்றுதான் காட்டும், அதனால் சி டிரைவை 400க்குள் கொண்டுவந்துவிடுங்கள். குளோன் முடிந்தபின் பேஜ்ஃபைலைத் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

பிட்லாக்கர்: "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" கொடுத்துப் பாருங்கள். நீங்கள் தொடாமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கலாம். சஸ்பெண்ட் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சஸ்பெண்ட் செய்தாலும் டிஸ்க்கில் இருக்கும் தரவு என்கிரிப்ட் ஆகியேதான் இருக்கும். வெளியிலிருந்து பூட் ஆகும் குளோன் மென்பொருளுக்கு எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று தெரியாது, 931 ஜிபியையும் நகலெடுக்கப் பார்க்கும், 465இல் இடம் போதாது. எனவே முழுக்க ஆஃப் செய்து, "ஃபுல்லி டிக்ரிப்டட்" என்று வரும்வரை காத்திருங்கள். ஹார்டு டிஸ்க்கில் இதற்கே சில மணி நேரம் ஆகலாம். 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குளோன். உங்கள் டிஸ்க்கில் சி டிரைவைத் தவிர இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பெரும்பாலும் 100 எம்பி), 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் இடம்), கடைசியில் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று சின்னச் சின்னதாக இருக்கும். சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் பூட் ஆகாது, ஏனென்றால் பூட்லோடர் (விண்டோஸைத் தொடங்கும் நிரல்) இருப்பது அந்த 100 எம்பிக்குள். எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். பெரியதிலிருந்து சிறியதற்குப் போவதால் பார்ட்டிஷன்களை நகர்த்தி அளவு மாற்றத் தெரிந்த மென்பொருளாகப் பாருங்கள். எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் இலவச குளோன் மென்பொருள்கள் இதைச் செய்யும். குளோன்ஜில்லா நம்பகமானதுதான், ஆனால் சேரும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறியதாக இருந்தால் இயல்பாக ஒத்துக்கொள்ளாது. உங்கள் நிலைமையில் அது இரட்டை வேலை.

190 ஜிபி, விநாடிக்கு 80 முதல் 100 எம்பி வேகத்தில் 32 முதல் 40 நிமிடம். மணிக்கணக்கில் இழுத்தால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

முடிந்ததும் ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட்டவுன். பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். இரண்டிலும் ஒரே டிஸ்க் அடையாள எண் இருக்கலாம். சில மென்பொருள்கள் புதிய எண் போட்டு பூட் பதிவையும் திருத்தும், சில திருத்தாது. ஒரே எண்ணோடு இரண்டும் உள்ளே இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைக்கும். நீங்கள் போய் ஆன்லைன் கொடுத்தால் அதன் எண்ணை மாற்றி எழுதிவிடும், அந்த டிஸ்க்கின் பூட் பதிவு பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். இதைவிட மோசம், பூட்லோடர் எஸ்எஸ்டியிலிருந்து கிளம்பி, சி டிரைவாகப் பழைய டிஸ்க்கே வந்து நிற்பது. எல்லாம் சரியாக நடந்ததுபோலத் தெரியும். பழையதை ஃபார்மட் செய்த அன்று உண்மை தெரியும்.

ஆக்டிவேஷன் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. ஆனால் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்க்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால், குளோனுக்கு முன்பே அதன் லைசென்ஸை டிஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

சுழல்தட்டு:
பூட்வழி சொன்னதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (தன் உடல்நிலையைப் பற்றி டிஸ்க் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகள் போதும். 5 என்பது மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை, 198 சோதனையில் மீட்க முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதியாகத் தொடருங்கள்.

197இல் எண் இருந்தால் சாதாரணக் குளோன் மென்பொருள் பாதியில் நின்றுவிடும். அப்போது பலரும் செய்யும் தவறு "செக்டிஸ்க் /ஆர்" ஓடவிடுவது. அது டிரைவ் முழுவதையும் படித்துப் பார்க்கும், சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடலாம். பழுதுபார்ப்பது நகலில்தான், மூலத்தில் அல்ல.

அந்த நிலையில் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை எடுக்கும் கருவி) பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் "-என்" கொடுங்கள், நல்ல பகுதிகளையெல்லாம் விரைவாக எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிவிடும். இரண்டாம் சுற்றில் "-டி -ஆர்3", விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று தடவை முயலும். இரண்டு சுற்றுக்கும் ஒரே மேப் கோப்பை (எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்ற பதிவு) கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் இரண்டாம் சுற்று முதலிலிருந்து தொடங்கும். 1 டிபி டிஸ்க்கை நேராக 500 ஜிபிக்குள் இப்படி எடுக்க முடியாது. குறைந்தது அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, அங்கே செக்டிஸ்க் ஓட்டி, சுருக்கி, பிறகு எஸ்எஸ்டிக்குக் கொண்டுவாருங்கள்.

புதுவட்டு:
இருவருக்கும் நன்றி. ஸ்மார்ட் மூன்றும் பூஜ்யம். 259ஆம் பதிவு சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரைக் காட்டியது. ரிஸ்டோர் பிரதிகளை நீக்கியதும் 300 ஜிபி வரை சுருங்கிவிட்டது. பிட்லாக்கர் ஆஃப். குளோன் 38 நிமிடத்தில் பிழையில்லாமல் முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பூட் செய்தால் நீலத் திரையில் "0எக்ஸ்சி000000இ, தேவையான சாதனம் இணைக்கப்படவில்லை அல்லது அணுக முடியவில்லை" என்று வருகிறது. எஸ்எஸ்டி டிரைவர் பிரச்சினையா?

பூட்வழி:
டிரைவர் இல்லை. இந்தத் திரையைக் காட்டுவதே விண்டோஸ் பூட் மேனேஜர்தான். அதாவது இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்எஸ்டியில் வந்துவிட்டது, பயாஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே இருக்கும் பிசிடி பதிவு (முன்பு சொன்ன பூட் பதிவு, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) மட்டும் பழைய பார்ட்டிஷனின் அடையாள எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் 11 நிறுவும் யுஎஸ்பியில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட் + எஃப்10. டிஸ்க்பார்ட் என்று உள்ளே போய் "லிஸ்ட் வால்யூம்". ஃபேட்32 வகையில் 100 எம்பி அளவில் ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து "அசைன் லெட்டர்=எஸ்". அதே பட்டியலில் 300 ஜிபி பார்ட்டிஷனுக்கு என்ன எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவும் சூழலில் அது சி ஆகத்தான் இருக்கும் என்ற உறுதி கிடையாது, டி ஆகவும் வரலாம். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து (கீழே சி என்ற இடத்தில் நீங்கள் பார்த்த எழுத்தைப் போட்டு):

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ

பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாயின என்று வந்தால் முடிந்தது. நகலெடுக்க முடியவில்லை என்றால், அந்த 100 எம்பி பார்ட்டிஷனை மட்டும் டிஸ்க்பார்ட்டில் ஃபேட்32 ஆக விரைவு ஃபார்மட் செய்துவிட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். இணையத்தில் எங்கே பார்த்தாலும் "பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்" என்றுதான் இருக்கும். யுஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) கணினியில் அது பெரும்பாலும் அனுமதி மறுப்பில்தான் முடியும், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிரைவர் பிரச்சினை என்றால் திரை வேறு மாதிரி இருக்கும்: விண்டோஸ் லோகோ வந்து, வட்டம் சுற்றி, பிறகு "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்". சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அது வருவதுண்டு. ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்தால் விண்டோஸ் தேவையான டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றும்படி மாற்றிக்கொள்ளும். நீங்கள் பழைய விண்டோஸ் ஓடும்போதே எஸ்எஸ்டியை மாட்டியிருந்தீர்கள், அதனால் டிரைவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். குளோனுக்குப் பிறகு பயாஸில் சாட்டா, விஎம்டி (இன்டெல்லின் டிஸ்க் கட்டுப்பாட்டு முறை) அமைப்புகளை மட்டும் மாற்றாதீர்கள்.

கருனல்:
லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் பார்த்தால்: அங்கே இது எளிது, ஆனால் யுயுஐடியில் (ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் உள்ள அடையாள எண்) கவனம் வேண்டும். டிடி கட்டளை கொண்டு அப்படியே நகலெடுத்தால் யுயுஐடியும் கூட வரும், அதனால்தான் பூட் ஆகிறது. புதிய கோப்பு முறைமை உருவாக்கி ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) மூலம் மாற்றினால் எஃப்எஸ்டேப் கோப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) எண்களை மாற்றி, லினக்ஸின் பூட்லோடரான கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டும். ஸ்வாப் வரியை மாற்ற மறந்தால் ஒவ்வொரு பூட்டிலும் ஒன்றரை நிமிடம் வெறுமனே நிற்கும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால், நகலும் மூலமும் ஒரே கணினியில் இருக்கையில் எதையும் மவுன்ட் செய்யவே கூடாது. ஒரே யுயுஐடி இருப்பதால் ஒன்றில் எழுத வேண்டியது மற்றதில் போய், தரவு கெடும்.

புதுவட்டு:
பூட் ஆகிவிட்டது! விண்டோஸ் எழுத்து டி என்றுதான் காட்டியது, நல்லவேளை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். இப்போது சி டிரைவ் 300 ஜிபியில் நிற்கிறது, 165 ஜிபி சும்மா கிடக்கிறது. "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

பூட்வழி:
சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கும். ஒட்டினாற்போல் இருக்கும் காலி இடத்தைத்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும்.

அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் "ரீஏஜென்ட்சி /டிஸேபிள்". ரெக்கவரி கோப்பு சி டிரைவுக்குள் திரும்பி வந்துவிடும். முழு ஷட்டவுன் செய்து, ஜிபார்ட்டட் (பார்ட்டிஷன்களை நகர்த்தும் இலவச மென்பொருள்) லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ரெக்கவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்துங்கள், பிறகு சி டிரைவை நீட்டுங்கள். விண்டோஸுக்குத் திரும்பி "ரீஏஜென்ட்சி /எனேபிள்". டிஸேபிள் செய்யாமல் நகர்த்தினால், விண்டோஸ் பழைய இடத்தையே குறித்து வைத்திருக்கும், ரெக்கவரி வேலை செய்யாது. பிட்லாக்கரை இதெல்லாம் முடிந்தபிறகு ஆன் செய்யுங்கள்.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் தனியாக வையுங்கள். பிறகு யுஎஸ்பி உறையில் போட்டு, வேறொரு கணினியில் மாட்டி டிஸ்க்பார்ட்டில் "கிளீன்" கொடுக்கலாம். கொடுக்கும் முன் "லிஸ்ட் டிஸ்க்" பட்டியலில் 931 ஜிபி என்று இருக்கும் எண்ணைத்தானா தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள். அந்தக் கட்டளை உறுதி கேட்காது.