செயற்கைக் கால் போட்டு 3 மாதம், நடை இன்னும் நொண்டுகிறது: ட்ரெட்மில் பயிற்சி தேவையா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 58 வயது, எடை 68 கிலோ, சர்க்கரை உண்டு. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தது. தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் வலது காலைக் கிட்டக் கிட்டத்தான் வைக்கிறார், இடது கால் மட்டும் எட்டிப் போகிறது. பெல்ட்டில் உடம்பைத் தாங்கிப் பிடித்து ட்ரெட்மில்லில் நடக்கவிடும் பயிற்சி, எதிரே திரையோடு, 12 நாள் என்கிறார்கள். அது தேவையா? போனை வைத்து வீட்டில் என்ன செய்யலாம்?

நடைத்தளம்:
கிட்ட விழுவது வலது கால், கோளாறு இருப்பது இடது பக்கம். செயற்கைக் காலை நம்பி எடை முழுவதையும் அதில் நிறுத்த முடியாதபோது, தூக்கிய நல்ல கால் அவசரமாகத் தரைக்கு வந்துவிடும். "வலது காலை எட்டி வையுங்கப்பா" என்று எத்தனை தடவை சொன்னாலும் அதனால்தான் பலிப்பதில்லை.

முள் ஓடுகிற எடை மெஷின் ஒரே மாதிரி 2 எடுத்து, சமையல் மேடைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கால். பார்வை நேராக இருக்கட்டும், எண்ணை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். குனிந்து பார்த்தால் எடை முன்னால் போய்விடும். காலுக்குப் பாதி எடை, அதாவது 34 கிலோ, வருகிற இடத்தில் 10 எண்ணும் வரை நிற்கட்டும். அது கைவந்த பிறகு, இடது கால் மட்டும் மெஷினில், வலது கால் அதே உயரப் பலகையில். வலது காலை மெதுவாகத் தூக்கி 10 செ.மீ. படியில் வைத்து எடுக்க வேண்டும். கால் தூக்கியிருக்கும் நொடியில் முள் 68-ஐத் தொட வேண்டும். 55-லேயே நின்றால் மீதி எடை மேடையைப் பிடித்த கையில் இருக்கிறது. இதுதான் நடையின் உயிர்நாடி. ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு 3 தடவை போதும். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது.

போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். போன் இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், 3 மீட்டர் தள்ளி. வீட்டு டைல்ஸ் பெரும்பாலும் 60 செ.மீ. சதுரம். அந்தக் கோடுகளை வைத்தே ஒவ்வொரு எட்டின் நீளமும் தெரியும். கோலமாவில் கால் தடம் பார்க்க நினைக்காதீர்கள், வழுக்கும்.

கடைசியாக மெட்ரோனோம் ஆப், அதாவது சீரான இடைவெளியில் 'டக் டக்' என்று தட்டும் ஆப். இப்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறாரோ அதே எண்ணில் தட்ட விடுங்கள். இரண்டு காலும் தட்டலுக்குச் சரியாக விழுந்தால், 3 நாள் கழித்து 5 கூட்டுங்கள். சமமாகும் முன்பே கூட்டினால் நொண்டல் வேகமாகும், அவ்வளவுதான்.

சாக்கெட்_சாக்ஸ்:
இதையெல்லாம் தொடங்கும் முன் சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கும் கூடு, பொருந்துகிறதா பாருங்கள். முதல் வருடத்தில் ஸ்டம்ப் (எடுத்தது போக மீதிக் கால்) சுருங்கிக்கொண்டே போகும். மதியத்துக்கு மேல் கால் உள்ளே இறங்கி, ஸ்டம்பின் நுனி அடியில் இடித்தால் 1 பிளை (சாக்ஸின் தடிமன் அளவு) சாக்ஸ் கூடப் போடுங்கள். 10 பிளையைத் தாண்டினால் சாக்ஸை அடுக்காதீர்கள், சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். இடிக்கிற காலில் யாரும் எடை போட மாட்டார்கள்.

சர்க்கரை இருப்பதால் வலி வரும் என்று காத்திருக்க முடியாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் காலைக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 10 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. வலது உள்ளங்காலையும் தினமும் பாருங்கள். இப்போது அதுதான் கூடுதல் சுமை தாங்குகிறது.

இன்னொன்று: வீட்டுக்குள் வெறுங்காலா? ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப அமைத்த செயற்கைப் பாதத்தோடு ஷூ இல்லாமல் நடந்தால் முழங்கால் பின்னால் தள்ளப்படும், மேடேறுவது போல இருக்கும். அதே உயரமுள்ள, பின்பட்டை வைத்த செருப்பு போடுங்கள். ஹவாய் செருப்பை அந்த விரல்கள் பிடிக்காது. ஜெய்ப்பூர் கால் என்றால் இந்தத் தொல்லை குறைவு. 1968-லேயே அதை வெறுங்கால் நடைக்கும் சம்மணத்துக்கும் என்றே வடிவமைத்தார்கள்.

வைகைக்கரை:
நன்றி. வெறுங்கால்தான்! செருப்பை மாற்றிப் பார்க்கிறேன். அப்போ ட்ரெட்மில் வேண்டாமா?

நடைத்தளம்:
மெஷினில் முள் 60-ஐத் தாண்டிய பிறகு போங்கள், பலன் இருக்கும். ஓடும் பெல்ட் செயற்கைக் காலைப் பின்னால் இழுத்துச் செல்லும் வரை அதன் மேல் நின்றே ஆக வேண்டும், அந்தப் பழக்கம் தரையில் சுலபத்தில் வராது. அங்கே மூன்றைக் கவனியுங்கள். உடம்பைத் தாங்கும் மேல் பெல்ட் தொங்கலாக இருந்தால் விழுந்த பிறகுதான் பிடிக்கும். விறைப்பாக இருந்தால் அவர் நடக்க மாட்டார், தொங்குவார். எடைத் தாங்கலை நாளாக நாளாகக் குறைக்கிறார்களா? கைப்பிடியை விடச் சொல்கிறார்களா? கைப்பிடியில் சாய்ந்து நடப்பது வாக்கரில் நடப்பதற்குச் சமம். திரையைக் கடைசி 5 நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். திரையைப் பார்த்தே சமன் செய்து பழகினால் தெருவில் நடை பழையபடி ஆகிவிடும்.

உடம்பைத் தாங்கும் பெல்ட் இல்லாத வீட்டு ட்ரெட்மில்லில் ஏற்றவே வேண்டாம்.

படிக்கட்டு_2:
என் தம்பிக்கு முழங்காலுக்கு மேலே. இதே முறை போதுமா?

சாக்கெட்_சாக்ஸ்:
எடை மெஷின் பயிற்சி அதேதான். ஆனால் குதிகால் தரையைத் தொடும் கணத்தில் ஸ்டம்பைச் சாக்கெட்டின் பின்சுவரில் அழுத்தப் பழக வேண்டும், பிட்டத்தை இறுக்கினால் அது நடக்கும். இல்லாவிட்டால் செயற்கை முழங்கால் மூட்டு மடங்கிவிடும். அந்தப் பயத்தில்தான் பலர் மூட்டை மடக்காமல் காலை வட்டமாகச் சுற்றிப் போடுகிறார்கள். கால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இதே சுற்றல் வரும், அதனால் முதலில் இடுப்பெலும்பு இரண்டும் ஒரே மட்டமா என்று அளக்கச் சொல்லுங்கள். படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்கச் செயற்கைக் கால் முதலில்.