தம்பியின் அப்பெண்டிக்ஸ் சதை டெஸ்டில் கட்டி என்று வந்திருக்கிறது, பெருங்குடலை வெட்டித்தான் ஆக வேண்டுமா?

கொருக்குப்பேட்டை அண்ணன்:
தம்பிக்கு 31 வயது, ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறான். போன மாதம் வலது பக்க அடிவயிற்றில் வலி என்று தண்டையார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சி.டி. ஸ்கேனில் அப்பெண்டிக்ஸ் 2 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருக்கிறது என்று சொல்லி அன்று இரவே லேப்ராஸ்கோபியில் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து வஞ்சிரக் குழம்பு கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டான். சதை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று யாரும் சொல்லவே இல்லை, தையல் பிரிக்கப் போனபோது நர்ஸ்தான் கவரை எடுத்துக் கொடுத்தார். அதில் 'லோ கிரேடு அப்பெண்டிசியல் மியூசினஸ் நியோபிளாசம்' என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, பெருங்குடலின் வலது பக்கத்தை எடுத்துவிடலாம், அடுத்த வாரமே வாங்க என்கிறார். தெரிந்த இன்னொரு டாக்டர் எதுவும் வேண்டாம் என்கிறார். இது கேன்சரா இல்லையா? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மூலக்கொத்தளம் அக்கா:
பயப்படாதீங்க தம்பி. என் தங்கைக்கும் இப்படித்தான் எடுத்த பிறகு கட்டி என்று வந்தது, நுனியில் 8 மில்லிமீட்டர். ஒரு செ.மீ.க்குக் குறைவு, அப்பெண்டிக்ஸ் எடுத்ததே போதும் என்றார்கள், 2 செ.மீ. தாண்டினால்தான் குடலை வெட்டுவார்களாம். உங்கள் தம்பிக்கு 2 செ.மீ. என்பதால் வெட்டச் சொல்கிறாரோ என்னவோ.

ராயபுரம் லேப்காரன்:
அக்கா, அது வேறு, இது வேறு. நான் டாக்டர் இல்லை, ஆனால் பதினைந்து வருடமாக இந்தச் சதையைத்தான் மெழுகில் போட்டு வெட்டிக் கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கைக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி, பழைய ஆட்கள் கார்சினாய்டு என்பார்கள். ஒன்று, இரண்டு செ.மீ. கணக்கெல்லாம் அதற்குத்தான், அதுவும் கட்டியின் அளவு. தம்பிக்கு 2 செ.மீ. என்பது உள்ளே சளி அடைத்து வீங்கின அப்பெண்டிக்ஸின் அகலம். சி.டி.யில் ஒன்றரை செ.மீ. தாண்டினாலே இந்தச் சளிக் கட்டியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அண்ணே, ரிப்போர்ட்டில் இருக்கிற இந்த லோ கிரேடு, அதாவது மெதுவாக வளரும் சளிக் கட்டி வகை, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. வலது பக்கப் பெருங்குடலை எடுப்பதே அந்த முடிச்சுகளையும் சேர்த்து வாருவதற்குத்தான், அடினோகார்சினோமா, கோப்லெட் செல் என்கிற கேன்சர் வகைகள் வந்திருந்தால் கட்டாயம் செய்வார்கள். இதில் பயம் வேறு மாதிரி: சுவர் கிழிந்து சளி வயிற்றுக்குள் கொட்டியதா என்பதுதான். கிழியாமல், சுவருக்குள்ளேயே அடங்கி, வெட்டின விளிம்பும் சுத்தமாக இருந்தால் அப்பெண்டிக்ஸ் எடுத்ததோடு பெரும்பாலும் வேலை முடிந்தது, அப்புறம் ஸ்கேனும் கட்டி திரும்புகிறதா என்று காட்டும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் வைத்துச் சில வருடம் பார்த்துக்கொள்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது? ரிப்போர்ட்டில் எத்தனை பிளாக், அதாவது மெழுகில் பதித்த சதைத் துண்டு, என்று பாருங்கள். சாதாரண அப்பெண்டிக்ஸ் வந்தால் நுனி, நடு, அடி என்று மூன்று துண்டு போட்டு முடித்துவிடுவோம். சளி தெரிந்தால் முழுவதையும் போட வேண்டும். போடாத துண்டில் ஓட்டை இருந்தால் யாருக்குத் தெரியும்?

திருவொற்றியூர் மருமகள்:
கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். என் மாமியாருக்கு ஒரு வருடமாக வயிறு பெருத்துக்கொண்டே போனது, உள்பாவாடை நாடா எட்டாமல் புது நாடா கோத்தோம், எல்லோரும் கேஸ் என்றார்கள், நானும் சொன்னேன். ஸ்கேனில் சினைப்பைக் கட்டி என்று திறந்தால் வயிறு முழுக்க ஜவ்வரிசிக் கஞ்சி ஆறின மாதிரி ஜெல்லி. ஆரம்பித்த இடம் அப்பெண்டிக்ஸ். சூடோமிக்ஸோமா என்று பெயர். ஜெல்லியை வாரி எடுத்தால் மட்டும் திரும்ப ஊறும் என்பதால் வயிற்றின் உள்சவ்வு, கொழுப்புத் திரை எல்லாம் உரித்து எடுத்து, மைட்டோமைசின் மருந்தை 42 டிகிரி சூட்டில் வயிற்றுக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் ஓட விட்டார்கள். ஹைப்பெக் என்பார்கள். காலையில் உள்ளே போனவரை இரவுதான் வெளியே கொண்டு வந்தார்கள். இதைப் பழக்கமாகச் செய்கிற கேன்சர் சர்ஜனிடம் மட்டும் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் இரைப்பை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, இல்லை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். ரிப்போர்ட் பேப்பரோடு மட்டும் போகாதீர்கள், பிளாக், அதிலிருந்து சீவி வைத்த கண்ணாடி சிலைடு இரண்டையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கொருக்குப்பேட்டை அண்ணன்:
எல்லோருக்கும் நன்றி. சம்மரியில் 'கிழியவில்லை, பையில் போட்டு எடுக்கப்பட்டது' என்று இருக்கிறது. விளிம்பு சுத்தம். ஆனால் லேப்காரர் சொன்னது சரி, பிளாக் மூன்றுதான்! மிச்சம் இன்னும் ஃபார்மலின் டப்பாவில் இருக்கிறதாம், கேட்டதும் முழுவதையும் போட்டு வியாழக்கிழமை தருகிறேன் என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஸ்டான்லி. அடுத்த வார ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி கேட்பதெல்லாம் லோடு எடுக்கப் போகலாமா என்பதுதான்.

ராயபுரம் லேப்காரன்:
வெள்ளிக்கிழமை அங்கேயே கேட்டுவிடுங்கள். போகச் சொன்னாலும் தார்ப்பாய் கட்ட கிளீனரை ஏறச் சொல்லுங்கள்.